அப்பாவை வார் மெமோரியலுக்குக் கூட்டிட்டுப் போனேன், அப்புறம் அவர் பேசவே இல்ல

மயூர்விஹார்_மகள் | திங்கள், இரவு 11.20

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அப்பா சாத்தூர் பக்கம். 1982-ல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சேர்ந்து ஹவில்தாரா ரிட்டையர் ஆனவர். போன வருஷம் அம்மா தவறினப்புறம் ஊர்ல தனியா இருக்க வேண்டாம்னு நவம்பர்ல இங்க தில்லிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பால்கனியில உக்காந்து எதிர் பார்க்ல பசங்க பேட்மின்டன் ஆடறதைப் பார்க்கறதுதான் அவருக்கு நாள் முழுக்க வேலை.

பொழுதுபோகட்டும்னு சனிக்கிழமை இந்தியா கேட் பக்கம் கிளம்பினோம். ப்ளூ லைன்ல சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷன், அங்கேர்ந்து ஆட்டோ. வழியெல்லாம் நல்லாத்தான் பேசிட்டு வந்தார். நேஷனல் வார் மெமோரியலுக்குள்ள போனதும் அந்தக் குளிர்லயும் மங்கி குல்லாவைக் கழட்டி ஸ்வெட்டருக்குள்ள சொருகிட்டார். கையைப் பின்னால கட்டிக்கிட்டு அந்தப் பேர் செதுக்கின சுவர் ஒண்ணொண்ணா நடந்தார். எனக்கு அது வழக்கமான சுத்திப்பார்க்கறது. "அப்பா, ஜோதி தெரியற மாதிரி நில்லுங்க, சிரிங்க"ன்னு போட்டோ எடுத்தேன். அவர் சிரிக்கல. விசில் அடிச்சு எல்லாரையும் வெளிய அனுப்பற வரைக்கும் சுவர்கிட்டயேதான் நின்னார்.

வெளிய வந்து சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கு மசாலா வாங்கிக் குடுத்தேன். "நீ சாப்பிடு." அதுதான் கடைசியா ஒழுங்கா பேசின பேச்சு. இப்ப பேட்மின்டனும் பார்க்கறதில்ல, ரெண்டு இட்லிக்கு மேல இறங்கல. நேத்து ராத்திரி 2 மணிக்கு சத்தம் கேட்டு எழுந்து பார்த்தா, ஹால்ல பேப்பர் விரிச்சு ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டு இருக்கார். எங்கயும் போற ப்ளான் கிடையாது. சும்மா பாலிஷ்.

நான் தப்பு பண்ணிட்டேனா? வயசானவங்களை இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?

முனிர்க்கா_மச்சி | திங்கள், இரவு 11.34

அக்கா, இந்தியா கேட் போனா கேட்டுக்கு வெளியவே நிக்கணும். ஒரு குல்ஃபி, ஒரு பலூன், திரும்பி வந்துடணும். அடுத்த தடவை அப்பாவை சரோஜினி நகர் மார்க்கெட் கூட்டிட்டுப் போங்க, பேரம் பேசி ஃப்ரெஷ் ஆயிடுவார் 😄

பழைய_பட்டாளம் | திங்கள், இரவு 11.51

தங்கச்சி, ஒரே கேள்வி. அவர் தேடின பேர் கிடைச்சுதா?

மனசு_படிப்பு | செவ்வாய், காலை 7.05

நான் இங்க தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்துல உளவியல் முதுகலை படிக்கிறேன். டாக்டர் இல்ல, அதனால நோய் பேர் எதுவும் சொல்லப் போறதில்ல.

"கூடாதா"ன்னு கேட்டீங்க. கூடாதுன்னு இல்ல. 1999-ல மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட்னு ரெண்டு பேர் துக்கத்தைப் பத்தி ஒரு விளக்கம் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி பொதுவா, துக்கத்தை நேரா எதிர்கொண்டு அழுது தீர்க்கணும், தள்ளிப் போட்டா சிக்கல்னு நினைப்பு. இவங்க சொன்னது வேற. மனுஷன் ஒரு ஊஞ்சல்ல இருக்கான். கொஞ்ச நேரம் இழந்ததைப் பார்ப்பான்: போட்டோ, கல்லறை, பழைய சட்டை. அப்புறம் அதை விட்டு வந்து கரண்ட் பில் கட்டுவான், கிரிக்கெட் பார்ப்பான். மறுபடி அங்க. ரெண்டும் வேணும். ஒரே பக்கம் மாட்டிக்கிட்டாதான் கஷ்டம்.

அந்தக் கண்ணால பார்த்தா வார் மெமோரியலும் குல்ஃபியும் எதிரிங்க இல்ல. ஊஞ்சலோட ரெண்டு முனை.

உங்க விஷயத்துல எனக்குத் தோணறது, நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வேற இடத்துக்குப் போயிருக்கீங்க. நீங்க போனது அவுட்டிங். அவர் போனது துக்கம் விசாரிக்க. துக்க வீட்டுல யாராவது "சிரிங்க"ன்னு போட்டோ எடுத்தா எப்படி இருக்கும்? குத்தமா சொல்லல, உங்களுக்குத் தெரியாது.

ராத்திரித் தூக்கமின்மை ரெண்டு வாரத்துக்கு மேல போனா, அல்லது "இருந்து என்ன"ங்கற மாதிரி பேச்சு வந்தா, காத்திருக்காதீங்க. டெலி மனஸ் 14416-க்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழ்லயும் பேசுவாங்க.

லோதி_நடை | செவ்வாய், காலை 9.40

நாற்பத்தோரு ஆண்டுகள் தில்லியில் மத்திய அரசுப் பணி. ஓய்வுக்குப் பின் தினமும் லோதி தோட்டத்தில் நடக்கிறேன். என் கருத்து சற்றுக் கடுமையாக இருக்கும்.

நினைவிடத்தை உல்லாசத் தலமாக்கியதே பிழை. இந்தியா கேட் என்பது என்ன? முதல் உலகப் போரிலும் அதையொட்டிய சண்டைகளிலும் மாண்ட இந்தியப் படையினருக்காக 1921-ல் அடிக்கல் நாட்டி 1931-ல் திறந்த வளைவு. 42 மீட்டர். அதன் சுவர்களில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து பேல்பூரி தின்ற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து ஒரு பெயரையாவது படித்திருப்பார்கள்? 1972 முதல் அங்கே அமர் ஜவான் ஜோதி எரிந்தது. 2022 ஜனவரியில் அதைப் பக்கத்திலுள்ள புதிய நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். அங்காவது அமைதி இருக்கும் என்று நினைத்தேன். போனால் ஒரு இளைஞன் பரம்வீர் சக்ரா என்னும் மிக உயரிய படை விருது பெற்றவர்களின் சிலை வரிசையில் தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்கிறான்.

மன அமைதிக்குப் பூங்காவுக்குப் போ. மரியாதைக்கு நினைவிடத்துக்குப் போ. இரண்டையும் குழப்பினால் இரண்டும் கெடும்.

முனிர்க்கா_மச்சி | செவ்வாய், காலை 9.58

சார் ஒரு டவுட். லோதி தோட்டத்துல இருக்கறது என்ன? கல்லறைங்கதானே? நீங்க தினமும் வாக்கிங் போறதே சுல்தான் சிக்கந்தர் லோதி சமாதியைச் சுத்தித்தானே 🙏

லோதி_நடை | செவ்வாய், காலை 10.15

அவர் இறந்து ஐந்நூறு ஆண்டு ஆகிவிட்டது தம்பி. 1517.

முனிர்க்கா_மச்சி | செவ்வாய், காலை 10.17

அப்ப எத்தனாவது வருஷத்துலேர்ந்து சப்பாத்தி ரோல் சாப்பிடலாம்னு ஒரு சர்க்குலர் போடுங்க சார்.

மனசு_படிப்பு | செவ்வாய், மதியம் 1.30

சிரிச்சுட்டேன், ஆனா கேள்வி நல்ல கேள்வி. லோதி தோட்டத்துக் கல்லறைங்க நம்மள ஏன் உலுக்கறதில்ல? அங்க புதைஞ்சவங்களைத் தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்ல. மிச்சம் இருக்கறது கல், மரம், கிளி. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான்னு ஒரு தம்பதி, மூளை கவனிச்சு கவனிச்சுக் களைச்சுப் போறப்ப, வலிய இழுக்காத மெல்லிய காட்சிங்க (இலை அசையறது, தண்ணி, மேகம்) அதுக்கு ஓய்வு குடுக்கும்னு சொன்னாங்க. லோதியில கிடைக்கறது அதுதான்.

வார் மெமோரியல் நேர் எதிர். அது கவனத்தைக் கேக்குது. ஒரு கல்லுக்கு ஒரு ஆள். 2019 பிப்ரவரியில திறந்தப்போ 25,942 பேர். வட்டத்துக்குள்ள வட்டமா, சக்கரவியூகம் மாதிரி சுவர்ங்க. அதை வடிவமைச்சது சென்னைக் கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? உலக அளவுல போட்டி வச்சுத் தேர்ந்தெடுத்தாங்க.

வாஷிங்டன்ல வியட்நாம் போர் நினைவுச் சுவர் 1982-ல திறந்தாங்க. கறுப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். பேரைப் படிக்கறப்ப பின்னால நம்ம முகமே தெரியும். சனங்க பேப்பரை வச்சுப் பென்சிலால தேய்ச்சு அந்தப் பேரை எடுத்துட்டுப் போவாங்க. கடுதாசி, பூட்ஸ், பியர் டின்னெல்லாம் சுவர் அடியில வச்சுட்டுப் போவாங்க. போருக்குப் போய் வந்தவங்கள்ல சிலருக்கு அங்க போனது பாரத்தை இறக்கி வச்ச மாதிரி, சிலருக்குப் பழைய புண் கிளறின மாதிரி. ஒரே சுவர்தான். யார் கூட போனாங்க, என்ன தேடிப் போனாங்க, திரும்பி வந்து பேச ஆள் இருந்துதாங்கறதுலதான் வித்தியாசம்.

நொய்டா_அம்மா | செவ்வாய், மாலை 4.10

பெரியவங்க கதை இப்படின்னா, குழந்தைங்க விஷயத்துல நான் பட்டது. சஃப்தர்ஜங் ரோட்ல இந்திரா காந்தி நினைவு இல்லத்துக்கு எட்டு வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போனேன். பாடத்துல வருதேன்னு. அந்த அம்மா கடைசியா கட்டியிருந்த புடவை இருக்கு. இன்னொரு பக்கம் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூர்ல போட்டிருந்த துணி, ஷூ. துணின்னு சொல்றதை விடக் கந்தல். நான் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரி, 91-ல மூணாவது படிச்சேன். அந்த மே மாசம் எங்க வீட்டு ரேடியோவுல நாள் முழுக்க ஓடின வீணை இசை இன்னும் காதுல இருக்கு. நான் கண்ணாடிப் பெட்டி முன்னால உறைஞ்சு நின்னுட்டேன், பையன் என் மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்திருக்கான்.

மூணு நாள் ராத்திரி என் பக்கத்துலதான் படுத்தான். அவன் கேட்டது "அந்த ஷூவைப் போட்டிருந்தவருக்கு வலிச்சிருக்குமா"ன்னு இல்ல. "நீ ஏம்மா அங்க அழுத?"

அதுக்கப்புறம் காந்தி ஸ்மிருதிக்குப் போறப்ப முன்னாடியே உக்கார வச்சுச் சொல்லிட்டேன். காந்தி கடைசி 144 நாள் இருந்த வீடு, இங்கதான் சுட்டாங்க, அவர் நடந்த அடிச்சுவடு தரையில செஞ்சு வச்சிருக்காங்க, அம்மாவுக்கு அழுகை வந்தாலும் வரும்னு. அவன் அந்த அடி மேல அடி வைக்காம ஓரமாவே நடந்தான். ராத்திரி நல்லாத் தூங்கினான்.

கரோல்பாக்_கமலா | செவ்வாய், இரவு 8.45

லோதி நடை அண்ணா, கோவிச்சுக்காதீங்கோ. நீங்க சொல்ற "மரியாதை தனி, உல்லாசம் தனி" நம்மூர் வழக்கமே இல்லையே.

குலதெய்வம் கோயிலுக்குப் போறோம். அங்க இருக்கறது யாரு? பாதிக்குப் பாதி, அடிபட்டுச் செத்தவா. மாடு பிடிக்க வந்தவனோட சண்டை போட்டுச் செத்தவன், தீப்பாய்ஞ்சவ, மதுரை வீரன் மாதிரி மாறு கால் மாறு கை வாங்கப்பட்டவா. ஒரு கல்லை நட்டு, பேர் சொல்லி, அவாளைச் சாமியாக்கிட்டோம். வருஷத்துக்கு ஒரு தரம் வேன் பிடிச்சுண்டு போறோம். பொங்கல் வைக்கறோம், கிடா வெட்டறவா வெட்டறா, பசங்க ஆத்துல குதிக்கறா, மாமன்மார் மரத்தடியில சீட்டாடறா. செத்தவாளுக்குப் படைச்சதைத்தான் நாம சாப்பிடறோம். அது துக்கமா, பிக்னிக்கா? கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரல.

வெள்ளைக்காரன்தான் தொப்பியைக் கழட்டிண்டு ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்பான். அதுவும் அழகுதான். ஆனா அது ஒண்ணுதான் மரியாதைன்னு யார் சொன்னா?

குழந்தே, உங்க அப்பாவுக்கு அன்னிக்கு வயத்துல ஒண்ணும் இறங்கலைன்னு எழுதியிருக்கியே, எனக்கு அதுதான் பட்டுது. படைக்காம எப்படி இறங்கும்?

சந்தேக_சாமி | புதன், காலை 10.20

எல்லாரும் உருகறீங்க. ஒரு அடிப்படை விஷயத்தை விட்டுட்டீங்க. அரசாங்கம் நினைவிடம் கட்டறது யாரோட மனசையும் ஆத்தறதுக்கு இல்ல. யாரை நினைக்கணும், யாரை மறக்கணும்னு முடிவு பண்றதுக்கு. 1984 நவம்பர்ல இதே ஊர்ல அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்களைக் கொன்னாங்க. அவங்களுக்கு ரகாப் கஞ்ச் குருத்வாராவுல ஒரு சுவர் வந்தது 2017-ல. அதையும் அரசு கட்டல, அவங்களே கட்டிக்கிட்டாங்க.

இன்னொண்ணு, முதல் பதிவு போட்டவங்களோட அப்பா 82-ல சேர்ந்தவர், மெட்ராஸ் ரெஜிமென்ட். 87-ல எங்க இருந்தார்னு கேட்டுச் சொல்லுங்க. சிலோன்னா, அமைதிப் படைன்னு போன இந்தியப் படை அங்க பண்ணினதுக்கு நாம ஏன் ஃபீல் பண்ணணும்?

முனிர்க்கா_மச்சி | புதன், காலை 10.26

யோவ், அவங்க அப்பா சாப்பிடலைன்னு எழுதியிருக்காங்க. உனக்கு விசாரணைக் கமிஷன் வேணுமா?

நிர்வாகி | புதன், காலை 11.00

இதற்குக் கீழே வந்த ஒன்பது பதிவுகள் நீக்கப்பட்டன. இலங்கை பற்றிப் பேசக் கூடாது என்றில்லை. ஒருவரையொருவர் துரோகி என்று அழைக்காமல் பேசுங்கள்.

யாழ்_பெடியன் | புதன், இரவு 9.15

நான் யாழ்ப்பாணம். இங்க டெல்லியில படிக்கிறன். எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாளா யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.

1987 அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள இந்தியப் படை வந்து சுட்டதில நோயாளர், டாக்டர், நேர்ஸ்மார் எண்டு 60 பேருக்கு மேல செத்தவை. எங்கட அம்மம்மா அப்ப பக்கத்துத் தெருவில. இப்பவும் ஒவ்வொரு வருசமும் ஆஸ்பத்திரிக்குள்ளயே விளக்கேத்துவினம். எங்கட ஆக்களுக்கு தீபாவளி வந்தா ரெண்டு ஞாபகம்.

ஆனா இந்த அக்காவின்ர அப்பா மேல எனக்குக் கோவம் வரேல்ல. ஏனெண்டு விளங்கேல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஷூ துடைக்கிற மனுசன் எண்டு வாசிச்ச உடன எனக்கு அம்மம்மாதான் ஞாபகம் வந்தவா. அவ ரெண்டு மணிக்கு வீட்டு முற்றம் கூட்டுவா.

அவவின்ர தம்பி ஒராள் 90-ல காணாமப் போனவர். இண்டைக்கு வரைக்கும் திவசம் செய்யிறேல்ல. செய்தா செத்துப்போனார் எண்டு நாங்களே சொன்ன மாதிரி எண்டு சொல்லுவா. போய் நிக்க ஒரு கல்லும் இல்ல. கோப்பாயில இருந்த மாவீரர் துயிலும் இல்லத்தை, போரில செத்த போராளியளைப் புதைச்ச இடத்தை, இடிச்சு, அதே காணியில ஆமி தலைமையகம் கட்டி 2011-ல திறந்தவங்கள். பிள்ளையைப் புதைச்ச தாய்மார் இப்ப ரோட்டில நிண்டு மதிலைப் பாத்திட்டுப் போறவை.

இடம் இல்லாட்டி ஆக்கள் வேற வழி பாப்பினம். மே 18 அண்டைக்குக் கஞ்சி காய்ச்சுவினம். அரிசி, தண்ணி, உப்பு. 2009-ல முள்ளிவாய்க்காலில சனம் குடிச்ச கஞ்சி. அதை ரோட்டில நிண்டு போற வாற ஆக்களுக்குக் குடுக்கிறது. கமலா அம்மா எழுதினதை வாசிக்க எனக்கு அந்தக் கஞ்சிதான் ஞாபகம் வந்தது.

மனசு_படிப்பு | புதன், இரவு 10.40

உங்க அம்மம்மாவோட நிலைமைக்கு பாலின் பாஸ்னு ஒரு உளவியலாளர் பேர் வச்சிருக்காங்க, "தெளிவற்ற இழப்பு". போனவங்க இருக்காங்களா இல்லையான்னு தெரியாதப்ப துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. உடம்பு கிடைக்கணும், இல்ல ஒரு இடமாவது, ஒரு பேராவது கிடைக்கணும்னு மனுஷங்க தவிக்கறது அதனாலதான்.

இதுக்கு மேல பாடம் எடுக்க எனக்கு மனசு வரல.

பழைய_பட்டாளம் | வியாழன், காலை 5.50

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. பரவாயில்ல, கூட்டத்துல அமுங்கிப் போச்சு.

யாழ் தம்பி, படிச்சேன். பதில் சொல்ல எங்கிட்ட வார்த்தை இல்ல. நானும் 88-ல அங்க இருந்தவன்.

சந்தேக சாமிக்கு ஒண்ணு மட்டும். நீங்க ஃபீல் பண்ண வேண்டாம். பழகின விஷயம்தான். அங்கேர்ந்து ஏறக்குறைய 1,200 பேர் திரும்பி வரல. 1990 மார்ச்ல கடைசிக் கப்பல் மெட்ராஸ் வந்தப்ப மாநில முதல்வர் வரவேற்புக்கு வரலைங்கறது பேப்பர்லயே வந்தது. அவங்க பக்கத்து நியாயம் அவங்களுக்கு இருந்துது, இப்ப யோசிச்சா புரியுது. ஆனா அன்னைக்கு எனக்கு 24 வயசு. லீவுல ஊருக்குப் போனா டீக்கடையில "எத்தனை தமிழனைச் சுட்டே?"ன்னான் கூடப் படிச்சவன். அதுக்கப்புறம் யூனிஃபார்ம்ல ஊர் பஸ் ஏறினதில்ல. செத்துப்போன கூட்டாளி பேரை வீட்டுலயும் சொன்னதில்ல. சொன்னா அடுத்த கேள்வி வருமே.

அந்த ஆபரேஷன்ல பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25-ல போனார். அவர் சிலை அங்க 21 பேர்ல ஒண்ணா நிக்குது. மேஜருக்குச் சிலை இருக்கு. சிப்பாய்க்கு ஒரு செங்கல் அளவு கல்லுதான், அதைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

அதனாலதான் கேக்கறேன் தங்கச்சி. பேர் கிடைச்சுதா?

மயூர்விஹார்_மகள் | வியாழன், இரவு 10.05

கிடைக்கல.

காலையில உங்க பதிவைப் படிச்சுட்டு டீ குடுக்கறப்ப சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். "அங்க யார் பேரையாவது தேடினீங்களாப்பா?" ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துட்டு இருந்தார். "ஆறு சுவர் பார்த்தேன். அதுக்குள்ள விசில் அடிச்சுட்டான்"னார். "போட்டோவுக்கு நில்லுங்கன்னு நீ வேற"ன்னு சொல்ல வந்து நிறுத்திட்டார். எனக்குப் பொசுக்குனு ஆயிடுச்சு. அவர் மனசு உடைஞ்சு உக்காந்திருக்கார்னு நான் நாலு நாளா நினைச்சுட்டு இருக்கேன். அவர் கோவமா இருந்திருக்கார். வேலை பாதியில நிக்குதுங்கற கோவம். பாலிஷ் போட்டது மறுபடி போறதுக்கு. கூட்டிட்டுப் போன்னு கேக்க மானம் இடம் குடுக்கல.

ஆள் கோவில்பட்டிக்காரராம். ஒரே செக்‌ஷன். பேரை இங்க போட வேண்டாம்னுட்டார்.

யாழ் தம்பி எழுதினதையும் வாசிச்சுக் காட்டினேன், காட்டலாமா கூடாதான்னு ரொம்ப யோசிச்சுத்தான். கேட்டுட்டு எழுந்து பால்கனிக்குப் போயிட்டார். அரை மணி கழிச்சு வந்து, "அந்தப் பையன் சாப்பாட்டுக்கு என்ன பண்றான்? ஹாஸ்டலா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

முனிர்க்கா_மச்சி | வியாழன், இரவு 10.20

அக்கா, நினைவிடத்தோட வெப்சைட்ல பேர் போட்டுத் தேடலாம். தனிமடல்ல பேர், வருஷம் அனுப்புங்க. நம்மூர் பேரை ரெக்கார்டுல எப்படி வேணா எழுதியிருப்பான். அப்பா பேரை முன்னால போட்டு, 'ழ'வை எல்லா எழுத்துலயும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கறேன். கவர்மென்ட் ஃபார்ம்ல என் பேரே மூணு விதமா இருக்கு, எனக்கு அனுபவம் உண்டு.

முனிர்க்கா_மச்சி | வெள்ளி, அதிகாலை 1.47

கிடைச்சுடுச்சு. பதினொராவது ஸ்பெல்லிங். தனிமடல் பாருங்க.

லோதி_நடை | வெள்ளி, காலை 8.30

தம்பி, முதல் நாள் உன்னைப் பற்றி நினைத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மகளுக்கு ஒரு யோசனை. காலையிலேயே போய்விடுங்கள். முடிந்ததும் நேரே மெட்ரோ நெரிசலுக்குள் இறங்க வேண்டாம். ஒரு பயணத்தில் உச்சமான கணமும் கடைசிக் கணமும்தான் நினைவில் தங்கும் என்று டேனியல் கானமன் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார் என்று என் மகன் சொல்வான். பக்கத்தில் புல்வெளியில் சற்று உட்காருங்கள். சாப்பிடவும் செய்யுங்கள். ஆம், நான்தான் சொல்கிறேன்.

மயூர்விஹார்_மகள் | ஞாயிறு, இரவு 9.30

போயிட்டு வந்தோம்.

காலையில 5 மணிக்கே குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை, அந்த ஷூ. பையில ஊர்லேர்ந்து கொண்டு வந்த சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் எடுத்து வச்சுக்கிட்டார். அது அவருக்கு உயிர், யாருக்கும் தரமாட்டார். கேட்டேன், பதில் இல்ல.

உள்ள வேலை பாக்கறவர்கிட்ட பேரைக் காட்டினதும் சுவரைக் காட்டிட்டார். சனிக்கிழமை அப்பா நிறுத்தின சுவருக்கு அடுத்த சுவர். கண்ணு மட்டத்துக்குக் கீழ இருந்துது, அப்பா குனிஞ்சார். நம்பரை முதல்ல படிச்சார், பேரை அப்புறம். சரியான ஆள்தானான்னு சரிபாக்கற மாதிரி. உள்ளங்கையை வச்சு அந்தக் கல்லை ஒரு தடவை தொடச்சார், தூசியே இல்ல. அட்டென்ஷன்ல நின்னு ஒரு சல்யூட். "வா"ன்னார். மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். இந்தத் தடவை நான் போனை வெளியவே எடுக்கல.

அப்புறம் இந்தியா கேட் புல்வெளி. புளியோதரை கட்டிட்டுப் போயிருந்தேன். அப்பா சேவுப் பொட்டலத்தைப் பிரிச்சு முதல்ல ஒரு பிடி எடுத்துப் புல்லுல பேப்பர் விரிச்சு வச்சார். அப்பதான் சொன்னார், அந்த ஆள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தான் உசத்தின்னு சொல்வாராம், இவர் சாத்தூர் சேவுதான்னு. பங்கர்ல உக்காந்து ரெண்டு பேரும் இதுக்கு அடிச்சுக்குவாங்களாம். லீவு முடிஞ்சு வர்றப்ப ஒரு பொட்டலம் கொண்டு வந்து உன் வாயை அடைக்கறேன்னு அப்பா சொல்லிட்டுப் போனாராம். சேவோட திரும்பி வந்தப்ப ஆள் இல்ல.

இதைச் சொல்றப்ப அழல. சிரிச்சார். அப்புறம் மூக்கைச் சிந்தினார். பலூன் விக்கற பையன் ஒருத்தன் பேப்பர்ல இருந்த சேவையே பார்த்துட்டு நின்னான், அவனைக் கூப்பிட்டு முழுப் பொட்டலத்தையும் குடுத்துட்டார். பையன் ஒண்ணு வாயில போட்டுட்டு "மிர்ச்சி!"ன்னு கத்தினான். அதுக்கு அப்பா சிரிச்ச சிரிப்பு அம்மா போனப்புறம் நான் கேக்காதது.

வீட்டுக்கு வந்து நாலு இட்லி. இப்ப தூங்கறார். யாழ் தம்பி, அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிட வர முடியுமான்னு கேக்கச் சொன்னார். வர இஷ்டமில்லைன்னா தப்பா எடுத்துக்க மாட்டார்னும் சொல்லச் சொன்னார்.

யாழ்_பெடியன் | ஞாயிறு, இரவு 10.50

யோசிச்சுச் சொல்லுறன் அக்கா. வந்தா மீன் வாங்கிக்கொண்டு வாறன், எங்கட முறையில சமைச்சுத் தாறன்.

பழைய_பட்டாளம் | ஞாயிறு, இரவு 11.35

தங்கச்சி, நான் தில்லியிலயே பாலம்ங்கற ஏரியாவுல இருக்கேன், இருபது வருஷமாச்சு. அந்த இடம் திறந்தும் பல வருஷம் ஆச்சு. வாசல் வரைக்கும் மூணு தடவை வந்திருக்கேன், உள்ள போனதில்ல.

சுவருக்குப் பக்கத்துல உக்கார ஏதாவது இருக்காம்மா? முட்டி முன்ன மாதிரி இல்ல.